ஆஸ்திரேலிய மாணவர் விசாவை ரத்து செய்யப்போவதாக அறிவிப்பு வந்தால் செய்ய வேண்டியவை

ஆஸ்திரேலியாவில் படிப்பதற்காக வழங்கப்படும் 500ஆம் வகை மாணவர் விசாவோடு பல நிபந்தனைகள் சேர்ந்தே வருகின்றன. அவற்றுள் படிப்போடு நேரடித் தொடர்புடையதும், மாணவர்கள் அறியாமலேயே மீறிவிடக்கூடியதும் 8202 என்னும் எண் கொண்ட நிபந்தனைதான். அது மூன்று கடமைகளை விதிக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கென அரசு பராமரிக்கும் கிரிகோஸ் பதிவேட்டில் இடம்பெற்ற ஒரு முழுநேரப் படிப்பில் மாணவர் சேர்ந்திருக்க வேண்டும். விசா எந்த நிலைப் படிப்புக்காக வழங்கப்பட்டதோ அதே நிலையிலோ அதைவிட உயர்ந்த நிலையிலோ அந்தச் சேர்க்கை தொடர வேண்டும். படிப்பில் போதிய முன்னேற்றம் இல்லை என்றோ வருகைப்பதிவு குறைவு என்றோ கல்வி நிறுவனம் அரசுக்கு அறிக்கை அளிக்கும் நிலை வரக் கூடாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் 1958ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் 116ஆம் பிரிவின் கீழ் விசாவை ரத்து செய்ய உள்துறைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ரத்து செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்தப் பிரிவில் இந்த மீறலுக்கு விதிக்கப்படவில்லை. அதிகாரி சூழ்நிலையை எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும். ரத்து அறிவிப்புக்குப் பதில் எழுதும் மாணவர்களில் பலர் இந்த வேறுபாட்டை அறியாமல், தாம் தவறே செய்யவில்லை என்று நிறுவுவதிலேயே முழு ஆற்றலையும் செலவிட்டுவிடுகிறார்கள் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

2013 ஏப்ரல் 13க்கு முன்பு நிலைமை வேறாக இருந்தது. கல்வி நிறுவனம் மாணவருக்கு மீறல் நோட்டீஸ் அனுப்பி, அவர் 28 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு நேரில் செல்லாவிட்டால் விசா தானாகவே ரத்தாகிவிடும். அந்த முறை கைவிடப்பட்ட பின் ஒவ்வொரு வழக்கையும் அதிகாரி தனித்தனியாகப் பார்க்கிறார். சேர்க்கை ரத்தானாலும் 28 நாள் வரை கவலையில்லை என்று மாணவர்களிடையே இன்றும் பேச்சு உலவுகிறது; 8202ஆம் நிபந்தனையின் வாசகத்தில் அப்படி ஒரு சலுகைக் காலம் எதுவும் எழுதப்படவில்லை. சேர்க்கை அற்றுப்போன நாளிலிருந்தே நிபந்தனை மீறப்பட்டதாகக் கொள்ளப்படலாம். கடிதம் வராததை மட்டும் வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

சேர்க்கை எப்படிப் பறிபோகிறது?

சிஓஇ எனப்படும் சேர்க்கை உறுதிச் சான்றுகள் அனைத்தும் ப்ரிஸ்ம்ஸ் என்ற அரசுக் கணினி அமைப்பில் பதிவாகின்றன. கல்வி நிறுவனம் ஒரு மாணவரின் சிஓஇ-யை ரத்து செய்ததும், காரணத்துடன் அந்தத் தகவல் உள்துறையின் பார்வைக்குச் சென்றுவிடுகிறது. கட்டணத் தவணை கட்டாதது, அடுத்த செமஸ்டருக்குப் பாடங்களைப் பதிவு செய்யத் தவறியது, சொல்லாமல் வகுப்புக்கு வராமல் நின்றது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

இவற்றைவிட நுட்பமானதும், நல்லெண்ணம் கொண்ட மாணவர்களையும் சிக்கவைப்பதுமான ஒன்று, படிப்பின் நிலையைக் குறைத்துக்கொள்வது. ஆஸ்திரேலியத் தகுதிக் கட்டமைப்பில் முதுநிலைப் பட்டம் 9ஆம் நிலை, பட்டதாரி டிப்ளமா 8ஆம் நிலை, இளநிலைப் பட்டம் 7ஆம் நிலை, டிப்ளமா 5ஆம் நிலை. மெல்பர்னில் முதுநிலைத் தகவல் தொழில்நுட்பம் படிக்க விசா பெற்று வந்த ஒருவர், இரண்டாம் செமஸ்டர் கட்டணத்தைக் கண்டு மலைத்துப்போய், அதில் ஒரு சிறு பங்கே செலவாகும் சமையற்கலை டிப்ளமா படிப்புக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய கல்லூரி சிஓஇ கொடுத்துவிட்டது. அவர் நாள்தோறும் வகுப்புக்குப் போகிறார். கட்டணமும் ஒழுங்காகக் கட்டுகிறார். சேர்த்துவிட்ட ஏஜென்ட்டும், கையில் சிஓஇ இருக்கிறது, அது போதும் என்கிறார். ஆயினும் விசா 9ஆம் நிலைக்கு வழங்கப்பட்டது என்பதால் அவர் நிபந்தனையை மீறியவராகவே இருக்கிறார். முனைவர் பட்டத்திலிருந்து முதுநிலைக்கு இறங்குவதற்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. நிலை இறங்க வேண்டிய தேவை உண்மையாகவே இருந்தால், பழைய சேர்க்கையை விடாமல் வைத்துக்கொண்டு, புதிய படிப்பின் சிஓஇ-யுடன் புதிய மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்து, அது கிடைத்த பின்பே மாற வேண்டும். 2025 ஜூலை முதல் அந்த விண்ணப்பக் கட்டணமே 2,000 டாலர். பெருந்தொகைதான், ஆனால் ரத்தான விசாவின் விளைவுகளோடு ஒப்பிட்டால் அது சிறியது.

கல்வி நிறுவனத்தை மாற்றுவதில் இன்னொரு தடையும் உண்டு. முதன்மைப் படிப்பில், அதாவது விசா பெற்ற படிப்புகளுள் மிக உயர்ந்த நிலையில் உள்ளதில், முதல் ஆறு மாதம் முடியுமுன் வேறு நிறுவனத்துக்கு மாற, பழைய நிறுவனம் விடுவிப்பு அளித்து அதைப் ப்ரிஸ்ம்ஸில் பதிவு செய்ய வேண்டும். அந்த விடுவிப்புக்குக் கட்டணம் வாங்க அனுமதி இல்லை. முதல் படிப்பில் இருந்துகொண்டே இரண்டாவது சிஓஇ ஒன்றை வாங்கி வழிமாறும் உத்தி சில காலம் பரவலாக இருந்தது; ஆறு மாதம் முடியாதவர்களுக்கு அத்தகைய இணைச் சான்று வழங்குவதை 2023 ஆகஸ்டில் அரசு அடைத்துவிட்டது.

கல்லூரியே மூடப்பட்டாலோ படிப்பை நிறுத்திவிட்டாலோ அது மாணவரின் குற்றமல்ல. கல்விக் கட்டணப் பாதுகாப்புச் சேவை என்ற அரசு ஏற்பாடு மாற்றுப் படிப்பையோ, செலுத்திய கட்டணத்தில் பயன்படுத்தாத பகுதியையோ பெற்றுத்தரும். அதற்கான மின்னஞ்சல்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு, தாமதமின்றி மாற்றுச் சேர்க்கையைத் தேட வேண்டும்.

கல்லூரியின் முதல் கடிதத்திலேயே விழித்துக்கொள்ளுங்கள்

உள்துறையின் கடிதத்துக்கு முன்பு, பெரும்பாலும் கல்லூரியின் கடிதம் ஒன்று வந்திருக்கும். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் கல்வி நிறுவனங்களுக்கான 2018ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறைப்படி, முன்னேற்றமின்மை அல்லது வருகைக் குறைவுக்காக ஒரு மாணவரைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளிக்குமுன், கல்வி நிறுவனம் எழுத்து மூலம் தன் எண்ணத்தைத் தெரிவித்து, உள் மேல்முறையீட்டுக்கு 20 வேலை நாள் அளிக்க வேண்டும். மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போது அந்த அறிக்கையைப் ப்ரிஸ்ம்ஸில் இறுதியாக்கக் கூடாது; உள் மேல்முறையீட்டில் தோற்று வெளி மேல்முறையீட்டுக்குப் போனாலும் அதே பாதுகாப்பு தொடர்கிறது. கட்டணம் கட்டாததற்காகவோ ஒழுங்கு மீறலுக்காகவோ சேர்க்கையை ரத்து செய்யும்போதும் 20 வேலை நாள் உண்டு. ஆனால் அங்கே உள் மேல்முறையீடு முடிந்ததுமே நிறுவனம் நடவடிக்கை எடுக்கலாம். வெளி மேல்முறையீட்டை, பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கு எதிராக, 2025 பிப்ரவரி 1 முதல் இயங்கும் தேசிய மாணவர் குறைதீர்ப்பாளரிடம் அளிக்கலாம். தனியார் தொழிற்கல்லூரிகளுக்கு வெளிநாட்டு மாணவர் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டுமே இலவசம்.

இந்த 20 நாள்தான் மாணவருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வாய்ப்பு என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் இங்கே வென்றால் உள்துறை வரை விஷயம் போவதே இல்லை. உடல்நலக் குறைவு, குடும்பத்தில் மரணம், கொடிய அனுபவத்தால் ஏற்பட்ட மன பாதிப்பு போன்ற காரணங்கள் இருந்தால், சேர்க்கையைக் கைவிடாமல் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்படி கேட்கும் உரிமையும் இதே நெறிமுறையில் உண்டு. காய்ச்சலில் கிடந்து வகுப்புக்குப் போகாமல் இருப்பதும், மருத்துவச் சான்று தந்து முறைப்படி விடுப்பு பெறுவதும் மாணவருக்கு ஒன்றாகத் தோன்றலாம். பின்னாளில் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு அவை முற்றிலும் வேறு.

அறிவிப்பு வந்ததும்

விசாவை ரத்து செய்வது குறித்துப் பரிசீலிக்க இருப்பதாகத் தெரிவிக்கும் கடிதம் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் வருகிறது. உங்கள் பெயர், பிறந்த தேதி, விசா வழங்கப்பட்ட தேதி, எந்த நாளிலிருந்து சேர்க்கை இல்லை என்று ப்ரிஸ்ம்ஸ் காட்டுகிறது, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் ரத்து கருதப்படுகிறது, எத்தனை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பவை அதில் இருக்கும். பதில் காலம் வழக்கமாக 5 வேலை நாள்தான். மின்னஞ்சல் அனுப்பப்பட்ட அந்த நாளின் இறுதியிலேயே நீங்கள் அதைப் பெற்றுவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. நீங்கள் அதைத் திறந்து படித்தீர்களா என்பது கணக்கில் வராது.

இங்கேதான் நம் மாணவர்கள் பலர் அடிபடுகிறார்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து விண்ணப்பித்தபோது ஏஜென்ட் தம்முடைய மின்னஞ்சல் முகவரியையே தொடர்பு முகவரியாகக் கொடுத்திருப்பார். இரண்டு ஆண்டுகள் கழித்து அறிவிப்பும் அவருக்கே போகும். அவர் அதைப் பார்க்காமல் விட்டால், மாணவருக்குத் தெரியும்போது விசா ரத்தாகி வாரங்கள் கடந்திருக்கும். ஆகவே உள்துறையின் இணைய விசா கணக்கான இம்மிஅக்கவுண்டில் உங்கள் சொந்த மின்னஞ்சலும் வீட்டு முகவரியும் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். கடிதம் பெறும் உரிமையை ஏஜென்ட்டிடமிருந்து திரும்பப் பெற 956ஏ படிவம் இருக்கிறது. வீடு மாறினால் 7 நாட்களுக்குள் கல்வி நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் விசாவின் இன்னொரு நிபந்தனை. விசா நடப்பில் இருக்கிறதா என்பதை வேவோ என்ற இணையச் சேவையில் எந்நேரமும் சரிபார்க்கலாம்.

அறிவிப்பு கையில் கிடைத்த முதல் நாளிலேயே கடைசி நாளைக் கணக்கிட்டு எழுதிவையுங்கள். ஆவணங்கள் ஊரிலிருந்து வர வேண்டியிருந்தால், கெடு முடியுமுன்பே காரணத்தைச் சொல்லி எழுத்து மூலம் கூடுதல் நேரம் கேளுங்கள். ஆனால் அது கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்காமல், கையில் இருப்பதை வைத்துக் கெடுவுக்குள் பதிலை அனுப்பிவிட்டு, மீதி ஆவணங்கள் இன்ன தேதிக்குள் வரும் என்று அதிலேயே குறிப்பிடுங்கள். பதிலே வராவிட்டால், அதிகாரி தம்மிடம் உள்ள தகவலை மட்டும் வைத்து முடிவெடுப்பார்.

அதே நாட்களில் புதிய சேர்க்கைக்கும் முயல வேண்டும். பழைய இடைவெளியை அது அழித்துவிடாது என்றாலும், நீங்கள் வந்த நோக்கம் படிப்பே என்பதற்கு உரிய நிலையிலான ஒரு சிஓஇ-யைப் போல வலுவான சான்று வேறொன்றும் இல்லை. சிஓஇ கிடைக்கத் தாமதமானால், கல்லூரி அளித்த இடவழங்கல் கடிதத்தையும் கட்டண ரசீதையுமாவது இணையுங்கள்.

பதிலை எழுதும் முறை

அதிகாரி இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். ரத்து செய்வதற்கான காரணம் நிலவுகிறதா என்பது முதல் கேள்வி. காரணம் நிலவினாலும் ரத்து செய்யத்தான் வேண்டுமா என்பது இரண்டாவது. ப்ரிஸ்ம்ஸ் பதிவு பிழையானது என்றால், உதாரணமாக நீங்கள் சேர்க்கையில் இருந்தபோதே கல்லூரி தவறாக ரத்து செய்துவிட்டது என்றால், முதல் கேள்வியிலேயே உறுதியாக நின்று, கட்டண ரசீது, வகுப்பு அட்டவணை, தேர்வு முடிவு ஆகியவற்றைக் காட்டி வாதாடுங்கள். பதிவு சரியானது என்றால், ஆம், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நான் சேர்க்கையில் இல்லை என்று நேராக ஒப்புக்கொண்டு இரண்டாவது கேள்விக்கு நகர்ந்துவிடுங்கள். தெளிவான பதிவை மறுத்து எழுதும் பதில், அடுத்து வரும் உண்மையான காரணங்களின் நம்பகத்தன்மையையும் சேர்த்தே குலைத்துவிடுகிறது.

இரண்டாவது கேள்வியில் அதிகாரி பார்ப்பவை பெரும்பாலும் இவை: நீங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்த நோக்கமும் தொடர்ந்து தங்க வேண்டிய தேவையும், மற்ற நிபந்தனைகளை எந்த அளவுக்குக் கடைப்பிடித்தீர்கள் என்பது, மீறல் நேர்ந்த சூழ்நிலை, குறிப்பாக அது உங்கள் கைமீறியதா என்பது, ரத்தானால் உங்களுக்கும் குடும்பத்துக்கும் ஏற்படும் இன்னல், இதுவரை துறையோடு நீங்கள் நடந்துகொண்ட விதம், உங்கள் விசாவைச் சார்ந்து விசா வைத்திருக்கும் துணைவர், குழந்தைகள், நாடு திரும்பினால் உயிருக்கோ உரிமைக்கோ ஆபத்து உண்டா என்பது. இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதினாலே பதிலுக்கு நல்ல வடிவம் வந்துவிடும்.

சூழ்நிலையைச் சொல்லும் பகுதிதான் பதிலின் இதயம். குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பைத் தொடர முடியவில்லை, மன்னித்து இன்னொரு வாய்ப்பு தாருங்கள் என்று எழுதுவதால் அதிகாரிக்கு எதுவும் புலப்படாது. அதையே தேதிவாரியாக எழுதிப் பாருங்கள்: மார்ச் 4ஆம் தேதி தந்தைக்குப் பக்கவாதம், மதுரை மருத்துவமனையில் 19 நாள் சிகிச்சை, குடும்பத்தின் ஒரே வருமானமான அவருடைய கடை அன்றிலிருந்து மூடப்பட்டது, மார்ச் 31ஆம் தேதி கட்ட வேண்டிய தவணைக்கு அவகாசம் கேட்டு மார்ச் 26 அன்று கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், ஏப்ரல் 17 அன்று சேர்க்கை ரத்தானது, அக்காவின் பெயரில் மே மாதம் கடன் கிடைத்தது, ஜூன் 9 அன்று புதிய கல்லூரியில் விண்ணப்பித்தேன். இந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு காகிதம் இருக்க வேண்டும்: மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, கல்லூரிக்குச் சென்ற மின்னஞ்சல், வங்கியின் கடன் ஒப்புதல், விண்ணப்ப ரசீது. காகிதங்களுக்கு எண் இட்டு, வாக்கியத்தின் இறுதியில் இணைப்பு 3 என்பது போலக் குறியுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்; ஆஸ்திரேலியாவில் செய்வதானால் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் நாட்டி அமைப்பின் அங்கீகாரம் பெற்றவரிடம் செய்துகொள்ளுங்கள்.

காரணம் முடிந்த பின்னும் ஏன் உடனே சேரவில்லை என்பது அதிகாரியின் மனத்தில் எழும் அடுத்த கேள்வி. இரண்டு மாத நோய்க்கு மருத்துவச் சான்று வைத்துவிட்டு, பதினோரு மாத இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாத பதில்கள் இங்கேதான் தோற்கின்றன. விளக்க முடியாத மாதங்கள் இருந்தால், பயத்தாலும் வெட்கத்தாலும் யாரிடமும் கேட்காமல் இருந்துவிட்டேன் என்பதே உண்மையாக இருந்தாலும், அதையே எழுதுங்கள். மன உளைச்சலுக்கு மருத்துவரையோ ஆற்றுப்படுத்துநரையோ பார்த்திருந்தால் அவர்களின் கடிதத்தைச் சேருங்கள்.

இன்னலைப் பற்றி எழுதும்போது பெற்றோர் கஷ்டப்பட்டு அனுப்பினார்கள் என்ற பொதுச்சொல் போதாது. எந்த வங்கியில் எவ்வளவு கல்விக்கடன், எந்த வீட்டுப் பத்திரம் ஈடாக இருக்கிறது, மாதத் தவணை எவ்வளவு, இதுவரை முடித்த பாடங்கள் எத்தனை, பட்டம் பெற இன்னும் எத்தனை பாடங்கள் என்பவற்றை எண்களோடு எழுதுங்கள். படிப்பு நடக்கும்போது இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரம் என்ற வேலை வரம்பை மீறியிருந்தாலோ, சேர்க்கையின்றி இருந்த மாதங்களில் வேலை செய்திருந்தாலோ, அதை மறைத்துப் பொய் எழுதிவிடாதீர்கள். வரித்துறைப் பதிவுகள் துறையின் கைக்கு எட்டாதவை அல்ல. அத்தகைய நிலையில் பதில் அனுப்புமுன் வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பதே முறை.

யாரிடம் ஆலோசனை கேட்பது என்பதும் முக்கியம். கல்லூரியில் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுக்கு அந்தத் தகுதியால் மட்டும் ஆஸ்திரேலியாவில் விசா ஆலோசனை அளிக்க உரிமை வந்துவிடாது. பதிவு பெற்ற குடிபெயர்வு முகவருக்கு ஏழு இலக்கப் பதிவு எண் உண்டு. முகவர்களைப் பதிவு செய்யும் ஒமாரா அமைப்பின் இணையத்தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். வழக்கறிஞர்கள் 2021 முதல் அந்தப் பதிவு இல்லாமலே உதவலாம். ஆயத்தக் கடிதம் எழுதித்தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். ஒரே வார்ப்பில் வந்த கடிதங்களை அதிகாரிகள் எளிதில் அடையாளம் காண்கிறார்கள்.

ரத்தாகிவிட்டால்

ரத்து முடிவு வந்த கணமே நீங்கள் விசா இல்லாதவர் ஆகிறீர்கள். உங்களைச் சார்ந்த குடும்பத்தினரின் விசாக்களும் 140ஆம் பிரிவின்படி கூடவே ரத்தாகின்றன. உடனே இ வகை இடைக்கால விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லையேல் தடுப்புக்காவல் அபாயம் உண்டு. அந்த விசாவில் வேலைக்கோ படிப்புக்கோ அனுமதி இல்லாமல் போகலாம். அனுமதியைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். 48ஆம் பிரிவின் தடையால் நாட்டுக்குள் இருந்தபடி பெரும்பாலான வேறு விசாக்களுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. வெளியே சென்ற பின்னும், பொதுவாக ரத்தான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குத் தற்காலிக விசா பெறுவதில் தடை நிற்கும். தகுந்த கட்டாயக் காரணம் காட்டினால் மட்டுமே தளர்வு உண்டு.

நாட்டுக்குள் இருக்கும்போது ரத்தானவருக்கு, 2024 அக்டோபர் 14 அன்று பழைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் இடத்தில் தொடங்கப்பட்ட நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தில் முறையிடும் உரிமை உண்டு. காவலில் இல்லாதவருக்கு 28 நாள், காவலில் உள்ளவருக்கு 7 நாள் கெடு. அதை நீட்டிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை என்பதால், முடிவுக் கடிதத்தில் எழுதியுள்ள நாளை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். கட்டணம் 3,000 டாலருக்கு மேல். பண நெருக்கடியை ஆவணங்களோடு காட்டினால் பாதியாகக் குறைப்பார்கள், வென்றால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். தீர்ப்பாயம் வழக்கைப் புதிதாகவே விசாரிக்கிறது. உள்துறைக்குச் சொல்லாத காரணத்தையும் கொடுக்காத சான்றையும் அங்கே அளிக்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கட்டணமின்றிக் கேட்கலாம். விசாரணை வர மாதங்கள் ஆகும். இடைக்கால விசாவில் படிக்க அனுமதி இருந்தால் அந்த மாதங்களில் படித்துப் பெற்ற மதிப்பெண் பட்டியலை விசாரணை நாளில் கையில் வைத்திருங்கள்.

சேர்க்கை ரத்தான நிலையில் விடுமுறைக்கு ஊருக்குப் போவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது 128ஆம் பிரிவின்படி முன்னறிவிப்பின்றியே விசாவை ரத்து செய்யலாம். பிறகுதான் காரணம் கேட்டுக் கடிதம் வரும், தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியும் அதில் இல்லை. திரும்பி வரும்போது விமான நிலையக் குடிவரவுச் சோதனையில் ரத்து செய்யப்பட்டாலும் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. ஊரில் அவசரம் என்றால், கிளம்புமுன் கல்லூரியில் முறைப்படி விடுப்பு பெற்று, அந்த ஒப்புதல் கடிதத்தின் அச்சுப் பிரதியைப் பாஸ்போர்ட்டோடு கொண்டுசெல்லுங்கள்.